பத்துக் கம்பிக் கிட்டார்

"ஐயா, ஒரே ஒரு வேண்டுகோள்தான். நான் வர்ற வரைக்கும் அந்தக் கிட்டாரை அப்படியே வச்சிருங்க. துடைக்கக்கூட வேண்டாம்" என்று அனுசுயா என்ற அந்தப் பெண் சென்னையிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது சத்தியமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார்.

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிருவோம்மா. நீங்க பத்திரமா வந்து சேருங்க."

அந்தச் சிரிப்பில் ஏளனம் துளியும் இல்லை. விருந்தாளிகள் பேசும் பேச்சு அவருக்குப் பழக்கமானது. "சாப்பாடெல்லாம் வேண்டாம், ஒரு வாய்த் தண்ணி போதும்" என்பார்கள். இலை போட்டாக வேண்டும். "நான் இப்படி ஓரமா உக்காந்துக்கிறேன்" என்பார்கள். நாற்காலியைத் துண்டால் தட்டி நடுக்கூடத்தில் போட்டாக வேண்டும். வேண்டாம் என்று சொல்வது வருகிறவரின் மரியாதை. அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருப்பது வீட்டுக்காரரின் மரியாதை. தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சத்தியமூர்த்தி இந்த இரண்டிலும் ஒரு நாளும் குறை வைத்தவர் அல்லர்.

"என்ன சொல்லுது அந்தப் பிள்ளை?" என்று அடுப்படியிலிருந்து பொன்னுத்தாயி கேட்டார்.

"துடைக்கக்கூட வேண்டாமாம்."

"பாவம், நல்ல வளப்பு. நாம சிரமப்படக் கூடாதுன்னு நினைக்குது. அதுக்காக அப்படியே அழுக்கோட எடுத்து நீட்டுவீகளா?"

"நீட்டுவேனா? நான் என்ன அவ்வளவு விவரங்கெட்டவனா?"

"அதை நான் என் வாயால சொல்லணுமாக்கும்" என்றார் பொன்னுத்தாயி.

கிட்டார் சத்தியமூர்த்தியின் அண்ணன் வீரையாவுடையது. அதைக் கிட்டார் என்று சொன்னால் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். இடுப்பும் வயிறுமாக வளைந்த உடல் அதற்குக் கிடையாது. நீளமான, கனத்த ஒரு மரப்பலகை. மேலே பத்துக் கம்பிகள். நடுவில் கம்பிகளின்மேல் கவிந்தபடி குதிரை லாடம் போல இரண்டு காந்தங்கள். விரல் வைத்து அழுத்துவதற்குக் கட்டைகளும் இல்லை, கோடுகள்தான் வரைந்திருக்கும். தொடைமேல் படுக்கவைத்து, வலது கையால் மீட்டி, இடது கையில் பிடித்த எவர்சில்வர் உருளையைக் கம்பிகளின்மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். உறவினர்கள் அதற்கு இஸ்திரிப் பலகை என்று பெயர் வைத்திருந்தார்கள். "வீரையா, என் வேட்டியையும் கொஞ்சம் தேச்சுக் குடுப்பா" என்று கேட்காத மாமன் மச்சான் கிடையாது. அண்ணன் அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை.

வீரையா மின்சார வேலை பார்த்தவர். வாலிபத்தில் வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டுக்கு ஒயர் இழுக்கப் போன இடத்தில், மேல்மாடி அறை ஒன்றில் பழம்பாய்களுக்கு அடியில் இது கிடந்தது. "எங்க அப்பச்சி பினாங்குல இருந்து கொண்டாந்தது. என்ன சாமான்னே எங்களுக்குத் தெரியலை. உனக்கு வேணும்னா எடுத்துட்டுப் போப்பா" என்று அந்த வீட்டு ஆச்சி கொடுத்துவிட்டார். அண்ணன் அறுந்து கிடந்த செம்புச் சுருளைத் தாமே சுற்றி, ஒரு பழைய வால்வு ரேடியோவின் வயிற்றைப் பிரித்து ஒலிபெருக்கி செய்து, அதைப் பேசவைத்தார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. சிற்றலை வானொலியில் எங்கோ கடலுக்கு அப்பாலிருந்து வந்த இசையைக் கேட்டுக் கேட்டுத் தாமாகவே பழகிக்கொண்டார்.

கல்யாணம் செய்துகொள்ளாத அவர், சென்ற ஆண்டின் தொடக்கத்தில் பக்கவாதம் வந்து விழும்வரை கண்டரமாணிக்கத்தில் பூர்விக வீட்டில் தனியாக இருந்தார். பிறகு சத்தியமூர்த்தி அவரைக் காரைக்குடிக்குத் தம்முடைய வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். வலது கையும் காலும் பயிற்சியில் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சுதான் திரும்பவில்லை. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. சொல்ல நினைத்தது மட்டும் வாய்க்கு வரவில்லை. "சரி" என்றும் "இருக்கட்டும்" என்றும் இரண்டு சொற்கள் எஞ்சியிருந்தன. எதைக் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சிரித்தபடி சொல்லிவிட்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருப்பார். சில நேரங்களில் இடது உள்ளங்கையைத் தொடைமேல் வைத்து அப்படியும் இப்படியும் நகர்த்துவார். பயிற்சி கொடுக்க வந்த பெண் அதைப் பார்த்து, "நல்ல எக்சர்சைஸ் ஐயா, விடாமச் செய்ங்க" என்று பாராட்டினாள்.

சத்தியமூர்த்தியின் மகள் அபி திருவிழாவுக்கு வந்தபோது கண்டரமாணிக்கத்தில் பூட்டியிருந்த வீட்டைத் திறந்து, கிட்டாரைப் படம் எடுத்து இணையத்தில் போட்டாள். அதைப் பார்த்துத்தான் அனுசுயா தேடிப்பிடித்துப் பேசியது. பழைய இசைக்கருவிகளின் வரலாற்றை ஆராய்கிற பெண். தானும் அந்த வகைக் கிட்டாரை வாசிக்கக் கூடியவள். பத்துக் கம்பி வைத்தது அபூர்வம் என்றும், வீரையா வாசிப்பதை ஒரு முறை பதிவுசெய்ய வேண்டும் என்றும் கேட்டிருந்தாள்.

அந்தக் கடைசி விஷயம்தான் சத்தியமூர்த்தியைத் தூங்கவிடவில்லை. அண்ணனின் வாழ்நாளில் அவர் வாசிப்பதைக் கேட்பதற்கென்று எந்த ஊரிலிருந்தும் எவரும் வந்ததில்லை. இப்போது ஒருவர் வருகிறார். பேச முடியாத மனிதர் கையால் பேசிவிடக் கூடும். அது நடந்துவிட வேண்டும். நடக்கும்போது எந்தக் குறையும் இருந்துவிடக் கூடாது. அண்ணனிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், எதிரே கொண்டுவந்து வைத்து அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டார். அதனால் கிட்டாரைக் கண்டரமாணிக்கத்திலிருந்து காரில் ஏற்றி, வீட்டின் பின்கட்டில் யாருக்கும் தெரியாமல் இறக்கினார்.

ஆயுத பூசைக்கு அரிவாள்மணையைத் துலக்குவது போலக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து துலக்கினார்கள். காந்தத்தின் துருவைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். பலகைக்குத் தேங்காயெண்ணெய் பூசி, பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தார்கள். தலைப்பக்கம் ஏதோ மங்கலாக ஒட்டிக்கொண்டிருந்தது. துணியோடு பொன்னிறத் தூளாக உதிர்ந்து வந்தது. "என்ன அழுக்கு பாருங்க" என்றார் பொன்னுத்தாயி. கம்பிகள் மட்டும் கறுத்துப்போய் அப்படியே இருந்தன.

"இந்தத் துருப்பிடிச்ச கம்பியைத் தொட்டு மூத்தவுகளுக்குக் கையைக் கிழிச்சுட்டா?"

சத்தியமூர்த்திக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. கிட்டாரை அதன் பெட்டியில் வைத்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இசைக்கருவிகள் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் பெட்டியைத் திறந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் மேலிருந்து கீழாகப் பத்துக் கம்பிகளையும் ஒரு முறை வருடினார்.

அந்த ஒலி சத்தியமூர்த்தியின் காதில் விழுந்தது. மங்கலான, தளர்ந்த ஒலிதான். ஆனாலும் பத்தும் ஒன்றுக்கொன்று தெரிந்தவை போல, ஒரே குடும்பத்தார் ஒரே நேரத்தில் பேசுவது போல இருந்தது.

"பழசானாலும் ஏதோ சேந்துதான் நிக்குது சார். கழட்டத்தான் வேணுமா?"

அந்த நேரம் பார்த்து அபி தொலைபேசியில் கூப்பிட்டாள். அனுசுயாவின் ரயில் எத்தனை மணிக்கு வரும், நிலையத்துக்கு யார் போவது என்று அவளிடம் பேசிக்கொண்டே, கடைக்காரரைப் பார்த்து, "போட்டுருங்க, போட்டுருங்க, எல்லாம் புதுசாவே போட்டுருங்க" என்று கையைக் காட்டினார். கடைக்காரர் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு கம்பியும் அறுபடும்போது ஒவ்வொரு குரலில் ஒரு சிறு சத்தம் எழுந்து அடங்கியது. சத்தியமூர்த்தி மறு காதைப் பொத்திக்கொண்டு, "சத்தமா சொல்லுத்தா, கேக்கலை" என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாதாரணக் கிட்டாருக்கான கம்பிக் கட்டுகள் இரண்டைப் பிரித்து, அவற்றிலிருந்து பத்தைப் பொறுக்கிக் கடைக்காரர் மாட்டினார். பழைய கம்பிகளைச் சுருட்டி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலை நகராட்சி வண்டி வந்தபோது பொன்னுத்தாயி அதை மக்காத குப்பையோடு சேர்த்துப் போட்டார்.

அனுசுயா வந்து சேர்ந்தது ஒரு காலைப் பொழுதில். முப்பது வயது இருக்கலாம். தோளில் ஒரு பையும் கையில் சிறிய ஒலிபெருக்கியுமாக வந்த அந்தப் பெண்ணை முதலில் வெள்ளைப் பணியாரத்துக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்.

"காபி மட்டும் போதும்மா."

"ஆமாத்தா, காபி பொறவு. இது நாலே நாலுதான்" என்று சொல்லிப் பொன்னுத்தாயி ஏழெட்டு வைத்தார். அனுசுயா எல்லாவற்றையும் சாப்பிட்டாள். அவளும் அப்படி வளர்ந்தவள்தான்.

பிறகு சத்தியமூர்த்தி பட்டுத்துணி போர்த்திய கிட்டாரைப் பெட்டியோடு கூடத்து மேசைக்குக் கொண்டுவந்தார். துணியை விலக்கினார். காந்தங்கள் கண்ணைப் பறித்தன. பலகையில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. பத்துக் கம்பிகளும் வெள்ளியாக மின்னின.

அனுசுயாவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"ரொம்ப அழகா வச்சிருக்கீங்க சார்" என்றாள்.

நெடுங்காலம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பழகியவர் சத்தியமூர்த்தி. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை எழுதிவிட்டேன் என்று சொல்லும்போது இருக்கும் முகம் அது.

"என்னம்மா, ஏதாச்சும் குறை இருக்கா? சும்மா சொல்லுங்க."

"ஐயோ, குறை ஒண்ணும் இல்லை சார். ... பழைய கம்பிகள் மட்டும் வீட்டில எங்கயாவது இருக்குமா?"

"அது எதுக்கும்மா? ஒரே துரு. குப்பை வண்டியில போட்டாச்சு."

அவள் பலகையின் தலைப்பக்கத்தை விரலால் தடவினாள். "இங்க தங்க எழுத்தில ஒரு பேர் ஒட்டியிருந்துச்சு. படத்தில பாதிதான் தெரிஞ்சது. நேர்ல படிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

பொன்னுத்தாயி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"அது போகட்டும் சார்" என்று அனுசுயா தணிந்த குரலில் தொடங்கினாள். இந்த வகைக் கிட்டார் ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது; அங்கேதான் முதன்முதலில் கிட்டாரை மடியில் படுக்கவைத்து உருக்குத் துண்டால் வாசித்தார்கள். அப்போது ஆறு கம்பிகள். உருக்குத் துண்டு நேராகத்தான் போகும், விரல்களைப் போல வளையாது; அதனால் வாசிக்கிறவர் விரும்பும் சுரங்கள் எல்லாம் கம்பிகளிலேயே இருக்க வேண்டும். ஆறு போதாமல் எட்டு வைத்தார்கள், சிலர் பத்து வைத்தார்கள். பிறகு காலால் மிதித்துச் சுரத்தை மாற்றும் வகை வந்துவிட்டது. இவற்றைச் செய்வதும் குறைந்துபோயிற்று. "அந்தக் கொஞ்ச காலத்தில பத்துக் கம்பி வச்சுச் செஞ்சது ரொம்பக் குறைவு சார். அதில எந்தக் கம்பி எந்தச் சுரத்தில நிக்கணும்னு ஒரு பொது விதியே கிடையாது. வாசிக்கிறவங்க ஒவ்வொருத்தரும் தனக்குன்னு ஒண்ணு வச்சுக்கிட்டாங்க. யார்கிட்டயும் கத்துக்காத உங்க அண்ணன் என்ன வச்சிருந்தாருன்னு..."

அவள் முடிக்கவில்லை. சத்தியமூர்த்திக்குப் புரிந்துவிட்டது.

"பழைய கம்பியில அது இருந்துருக்குமா?"

"கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஆனா ஒவ்வொண்ணோட கனத்தையும் அளந்தா, எது எந்தச் சுரத்துக்குன்னு ஓரளவு பிடிச்சிரலாம். அதனாலதான் துடைக்க வேண்டாம்னு..."

அதையும் அவள் முடிக்கவில்லை. குற்றத்தைச் சுட்டிக்காட்டுவது போல ஆகிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

கடையில் கேட்ட ஒலியைச் சத்தியமூர்த்தி நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். குறடும், கடைக்காரரின் கட்டைவிரலும் நினைவுக்கு வந்தன. ஒலி வரவில்லை.

அதற்குள் உள்ளறையிலிருந்து, ஊன்றி நடக்கும் நடைச்சட்டம் தரையில் இடிபடும் சத்தம் கேட்டது. புதுக் குரல் கேட்டு வீரையா வந்துகொண்டிருந்தார். கூடத்து நிலையருகே வந்தவர் மேசையைப் பார்த்து நின்றுவிட்டார்.

சத்தியமூர்த்தி எதிர்பார்த்த மலர்ச்சி அந்த முகத்தில் வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே வந்தது. நடைச்சட்டத்தை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்துத் தள்ளாடியவரைத் தம்பியும் அனுசுயாவும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் இடது கையை நீட்டினார்; கிட்டாரை மடியில் வைத்தார்கள். பெட்டியில் கிடந்த உருளையைத் தாமே எடுத்துக்கொண்டார். கம்பிகள் மின்னுவதைப் பார்த்து ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினார். பிறகு தம்பியைப் பார்த்துச் சிரித்து, "சரி" என்றார்.

அனுசுயா ஒலிபெருக்கியை இணைத்தாள். கம்பி மாறிய விஷயத்தைச் சொல்ல அவள் வாய் திறக்கப் போனாள். சத்தியமூர்த்தியும் திறக்கப் போனார். இரண்டு பேருமே, மற்றவர் சொல்லட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

வீரையா உருளையைக் கம்பிகளின்மேல் கிடத்தி, வலது கட்டைவிரலால் மீட்டினார்.

வெந்தது பாதி வேகாதது பாதியாக ஒரு சத்தம் எழுந்தது. அவர் உருளையை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்தார். ஒரு கோடு தள்ளி வைத்தார். அதற்கு அடுத்த கோட்டில் வைத்தார். எங்கே வைத்தாலும் அதே இரைச்சல். அவர் கிட்டாரைப் பார்க்கவில்லை. தம்முடைய இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஒன்றையாவது நோய் விட்டுவைத்தது என்று நம்பியிருந்த கை அது. மெல்ல உருளையை வலது கைக்கு மாற்றி, அதனாலேயே இடது மணிக்கட்டின்மேல் ஓங்கி அடித்தார். இன்னொரு முறை ஓங்கினார்.

"அண்ணே!" என்று கத்திக்கொண்டே சத்தியமூர்த்தி தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கை இல்லைண்ணே. நாந்தான். நாந்தாண்ணே கம்பியெல்லாம் அறுத்துப் புதுசு போட்டேன். அந்தப் பிள்ளை படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு, நாந்தான் கேக்கலை. உங்க கை நல்லாத்தாண்ணே இருக்கு."

வீரையா தம்பியின் தலையில் கை வைத்தார். "இருக்கட்டும்" என்றார்.

எது இருக்கட்டும் என்று கேட்க முடியாது. நம்பினாரா, ஆறுதலுக்காகத் தம்பி பொய் சொல்லுகிறான் என்று நினைத்தாரா என்பதும் தெரியாது. உருளையைப் பெட்டியில் வைத்து மூடியைச் சாத்தப் போனார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்றாள் அனுசுயா. "நான் ஒவ்வொரு கம்பியா முறுக்கிக்கிட்டு வர்றேன். சரியான இடம் வந்ததும் நீங்க சொல்லுங்க. பத்தையும் கண்டுபிடிச்சிரலாம்."

அவர் தலையசைத்தார். அனுசுயா முதல் கம்பியின் முளையைச் சற்றுத் திருகி மீட்டினாள். "சரி" என்றார். அடுத்த கம்பி. "சரி." மூன்றாவது. "சரி." அவள் முளையைத் தொட்டதுமே சரி வந்தது. பத்தும் சரியாகி, உருளையை வைத்து மீட்டியபோது பழைய இரைச்சலைவிட மோசமான இரைச்சல் வந்தது. அனுசுயாவின் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. அவளுடைய சிரமத்தைப் பார்த்து வீரையா மிகவும் கனிவாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சத்தியமூர்த்திக்கு அந்தச் சிரிப்பை நன்றாக அடையாளம் தெரிந்தது. தம்முடைய முகத்திலேயே ஆயுள் முழுவதும் வைத்துக்கொண்டிருந்த சிரிப்பு அது.

"அண்ணே, இந்தப் பிள்ளை தூரத்துல இருந்து வந்திருக்குன்னு பாக்காதீக" என்றார். "எனக்காகவும் பாக்காதீக. நல்லா இல்லைன்னா இல்லைன்னு தலையை ஆட்டுங்க. ராத்திரி ஆனாலும் ஆகட்டும். இந்த வீட்டுல யாரும் சங்கடப்பட மாட்டோம். சரின்னு மட்டும் சொல்லாதீக."

"ஆமா மச்சான்" என்று பொன்னுத்தாயி கதவோரத்திலிருந்து சொன்னார். "எங்களுக்கு வேணும். எங்களை நல்லா வையிங்க. உங்க தம்பியை ரெண்டு வச்சாலும் சரிதான்."

வீரையா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அனுசுயா மறுபடியும் முதல் கம்பியிலிருந்து தொடங்கினாள். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். பிறகு, கூச்சத்தோடு, இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் முறுக்கினாள். இல்லை. மேலும் முறுக்கினாள். இல்லை. அந்த இல்லை வரவரப் பலமாயிற்று. ஒரு கட்டத்தில் அவள் தாண்டிப் போய்விட்டபோது அவர் எரிச்சலோடு மேசையைத் தட்டினார். அவள் இறக்கிக்கொண்டு வந்தாள். அவர் விரல் சட்டென்று உயர்ந்தது. அந்தக் கம்பி அங்கே நின்றது.

இரண்டாவதும் அப்படி நின்றது. மூன்றாவது கம்பியைக் கூட்டிக்கொண்டே போனபோது, இன்னும், இன்னும் என்று அவர் விரலை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அது அறுந்து தெறித்தது. கனமான கம்பி, அந்தச் சுரத்தின் உயரத்துக்கு மெல்லிய கம்பி இருந்திருக்க வேண்டும். நான்காவதும் அறுந்தது. ஐந்தாவது எவ்வளவு இறக்கியும் போதாமல் தொளதொளவென்று பலகையில் படிந்தது. ஆறாவது நின்றது. மற்றவை எதுவும் நிற்கவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. விருந்தாளியைப் பட்டினி போட்ட வீடு என்ற நினைப்பே அன்று யாருக்கும் வரவில்லை.

"கம்பி வேற வாங்கலாம். ஆனா எந்தக் கனம்னு தெரியணும்" என்றாள் அனுசுயா. "மூணுதான் கிடைச்சிருக்கு."

வீரையா அதற்குள் உருளையை எடுத்திருந்தார். மூன்றே கம்பிகளில், மற்றவற்றைத் தொடாமல் விரலால் ஒதுக்கிக்கொண்டு, மெதுவாக வாசித்தார். உருளை ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு வழுக்கியபோது, ஒருவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் பேசத் தொடங்குவது போல ஓர் ஒலி எழுந்து, கூடம் முழுவதும் பரவியது. பொன்னுத்தாயி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். ராகம் என்று சொல்ல முடியாது. பாட்டு என்றும் சொல்ல முடியாது. ஆனால் எங்கோ போகிற ஒன்று. நான்கைந்து அடி போனது. பிறகு உருளை ஓரிடத்தில் நின்று, கை மட்டும் கம்பி இல்லாத இடத்துக்குப் போய், காற்றில் தடவியது.

"இது இவர் சொந்தமாப் போட்டது" என்று அனுசுயா பரபரப்போடு திரும்பினாள். "நான் எங்கயும் கேட்டதில்லை. சார், இதுக்கு அடுத்து எப்படிப் போகும்? நீங்க கேட்டிருப்பீங்கள்ல? சும்மா முனகிக் காட்டினாக்கூடப் போதும். அதை வச்சு மத்தக் கம்பிகளைப் பிடிச்சிரலாம்."

வீரையாவும் தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தார். சொல்லுவான் என்ற நம்பிக்கை அந்தக் கண்களில் இருந்தது.

கண்டரமாணிக்கத்தில் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு சுவர்தான். மகள் படிப்புக்காகக் காரைக்குடிக்குக் குடிவரும்வரை சத்தியமூர்த்தி அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருந்தார். மாலையில் அண்ணன் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்காரும் நேரம், இவர் விடைத்தாள் கட்டைப் பிரிக்கும் நேரமாக இருந்தது. நிறுத்துங்கள் என்று அண்ணனிடம் அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அப்படிச் சொல்வது மரியாதை ஆகாது. எழுந்து போய், சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார். கொக்கி விழும் சத்தம் எவ்வளவு மெல்லியது என்றாலும் சுவருக்கு அப்பால் கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நாளில் அண்ணன் ஒலிபெருக்கியைத் தணித்துக்கொண்டார். அதற்கும் பிறகு, ஒலிபெருக்கி இல்லாமலேயே, தமக்கு மட்டும் கேட்கும்படி வாசிக்கப் பழகிக்கொண்டார். அப்போதெல்லாம், அண்ணன் எவ்வளவு பெருந்தன்மையானவர் என்று சத்தியமூர்த்தி மனைவியிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

அனுசுயா காத்திருந்தாள்.

"நான் கேட்டதே இல்லைம்மா" என்று இன்னொரு முறை சொன்னார். அதை அனுசுயாவிடம் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

வீரையா இந்த முறை சரி என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை. தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, உருளையை முதல் கோட்டுக்குக் கொண்டுபோனார். சத்தியமூர்த்தி நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அந்த நான்கைந்து அடி மறுபடியும் எழுந்து, வழுக்கிக்கொண்டு போய், அதே இடத்தில் நின்றது.